மாஸ்டர் போயிடக் கூடாது

வேலூரா சார்? நான் ஆற்காடு. கொஞ்சம் நவுந்துகினீங்கன்னா இந்தப் பைய உள்ள தள்ளிடுவேன். அவ்ளோதான். டேங்க்ஸ் சார்.

தூங்கிடுவீங்களா? இல்லைன்னா உங்கள ஒண்ணு கேக்கணும். மொகத்தைப் பாத்தா நாலு எடம் பாத்தவரு மாரி கீறீங்க. ஒரு ஆள ஒரே ஒரு தபாதான் பாத்துகீறோம், அதுவும் சைக்கிள் டியூப்புக்கு ஒட்டு போடுற நேரம். அந்த ஆள மறுக்கா பாத்தா அடையாளம் தெரியுமா, தெரியாதா? தெரியும்ல? அதுக்குத்தான் சார் ஆற்காடு போறேன். வேற ஒண்ணும் இல்ல. அவரு மொகத்தைப் பாக்கணும். அந்த ஆள் இவரு இல்லைன்னு தெரிஞ்சுக்கணும். அடுத்த பஸ்ஸ புடிச்சு ஊடு போய்ச் சேரணும். காலைலேர்ந்து ஒரு டீ உள்ள எறங்கல.

பேரு ஏகாம்பரம் சார். வியாசர்பாடில புட்பால் கிரவுண்டு கேட்டுக்கு எதுர்க்க பஞ்சர் கடை வச்சினு கீறேன். லோகோ பிரண்ட்ஸ் கிளப்பு கேள்விப்பட்டிருப்பீங்களே? இல்லியா? பேப்பர்ல ஸ்போர்ட்ஸ் பக்கம் பாக்க மாட்டீங்க போல. பரவால்ல உடுங்க. எங்க கிளப்பு அது. எங்கன்னா, நான் ஆட மாட்டேன், எனக்கு முட்டி போயி வருசக்கணக்காவுது. பந்துக்குக் காத்தடிக்கிறது நானு. காசு வாங்க மாட்டேன். லோகோ பிரண்ட்ஸ் போட்ட ஒவ்வொரு கோல்லயும் என் காத்து கீது சார், சிரிக்காதீங்க.

மின்னாடி எங்க நெலம இன்னா தெரியுமா? நாய்கூட மதிக்காது. எதிர் டீம்காரன் சிரிச்சினே ஷூ மாட்டுவான். நாலு கோலு, அஞ்சு கோலுன்னு வாங்கினு வருவானுங்க எங்க பசங்க. வந்து எவன்மேலயாவது பழியப் போட்டு, ஒருத்தன் சட்டைய ஒருத்தன் கிழிச்சினு நிப்பானுங்க. பாதி பேரு கண்ட எடத்துல குந்திகினு கண்டதையும் இழுத்துகினு கெடந்தானுங்க. அப்பதான் சார் வந்தாரு எங்க மாஸ்டர். தாமோதரன் மாஸ்டர். நாங்க கோச்சுன்னு சொல்றதில்ல, மாஸ்டர்தான்.

ரயில்வேக்கு ஆடினவரு. ரிட்டையர் ஆயிட்டு, சொம்மா குந்திகினு இருக்க முடியாம காலைல கிரவுண்டு பக்கம் நடக்க வந்தாரு. ஒரு நாள் நின்னு பாத்தாரு. மறுநாளும் பாத்தாரு. மூணாம் நாளு எங்க பசங்கள கூப்ட்டு, "ஏண்டா, பந்து மேல உங்களுக்கு இன்னா கோவம்?"னு கேட்டாரு. அவ்ளோதான். அன்னைக்குப் புடிச்ச ஆளு.

விசில் ஊத மாட்டாரு சார் அவரு. கை தட்டுவாரு. ஒரு தட்டு தட்டினா நில்லு. ரெண்டு தட்டினா ஓடு. அந்தக் கைத்தட்டு சத்தம் என் கடை வரைக்கும் கேக்கும். அத்தக் கேட்டாதான் எனக்குக் கடையத் தொறக்கவே மனசு வரும். அப்பால இன்னொண்ணு. ஜெயிச்சா அவனவன் ஊட்டுக்குப் போலாம். தோத்தா மொத்த டீமும் மாஸ்டர் ஊட்டுக்கு வரணும், சாப்பிடணும். "தனியா போயி குந்தினா தோல்வி நெஞ்சுக்குள்ள பூந்துக்கும்டா, வாங்க"ன்னுவாரு. அவரு சம்சாரம் தவறிட்டாங்க. ஒரே பொண்ணு, ஹேமாவதி. ஸ்கேன் சென்டர்ல வேல பாக்குது. அதுதான் வடிச்சுக் கொட்டும். அவ்ளோ பேருக்கும் ரசஞ்சோறு, அப்பளம், மொகம் சுளிக்காம. அந்தப் பொண்ணு கையால துன்னாத பையன் எங்க டீம்ல ஒருத்தன் கெடையாது. என் சம்சாரம் கஸ்தூரிக்குப் பித்தப்பைல கல்லுன்னு சொன்னப்ப, கூடவே நின்னு ஸ்கேன் எடுத்து, டாக்டராண்ட இட்டுனு போயி, பயப்படாதீங்க அக்கான்னு கையப் புடிச்சிகினு இருந்தது ஹேமாதான். நல்ல பொண்ணு சார். தங்கம்.

அப்டியே ஏறினோம் சார். ஒரு டிவிஷன் ஏறினோம், அடுத்த வருசம் இன்னொண்ணு. இப்ப சீனியர் டிவிஷன். வர்ற ஞாயித்துக்கெழம கடைசி மேட்ச்சு, ஜெயிச்சா கப்பு எங்களுது. கப்பு கெடக்கட்டும் சார். எங்க பசங்கள்ல ஒருத்தன் ரயில்வேல வேலைக்குப் போயிட்டான். இன்னொருத்தன் போலீஸ் டீம்ல கீறான். வியாசர்பாடின்னு சொன்னா வாடகைக்கு ஊடு தர மாட்டான், இப்ப லோகோ பிரண்ட்ஸ் ஏரியாவான்னு கேக்குறான். எல்லாம் அந்தக் கைத்தட்டு. அந்த மனுசன் போயிட்டாருன்னா இன்னா ஆவும்? நெனைச்சாலே எனக்கு அல்லு உட்டுரும். பழையபடி சட்டையக் கிழிச்சினு நிப்பானுங்க. நான் யாருக்குக் காத்தடிக்கிறது?

போன மாசம் டோமினிக்கு ஓடியாந்தான். எங்க ஆளு, மாஸ்டர் ஊட்டுக்குப் பக்கத்து ஊடு. "ஏகா, மேட்டரு தெரியுமா? கேரளால ஒரு பெரிய கிளப்பு மாஸ்டரக் கேக்குதாம்டா. ஊடு, காரு எல்லாம் தராங்களாம்"னான். எனக்குக் கையில இருந்த ஸ்பேனரு கீழ உழுந்துச்சு. "மாஸ்டர் இன்னா சொன்னாரு?"ன்னேன். "பாக்கலாம்னு சொன்னாராம்"னான். பாக்கலாம்! வரலைன்னு சொல்லல பாருங்க, பாக்கலாம்.

அன்னைலேர்ந்து தூக்கம் போச்சு சார் எங்களுக்கு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயின்னுவாங்களே, அது மாரி. மாஸ்டர் ஒரு நாளு பெரிய பொட்டி ஒண்ணு வாங்கினு வந்தாரு, புதுசு, சக்கரம் வச்சது. டோமினிக்கு பாத்துட்டு வந்து சொல்றான், அவனுக்குக் கண்ணுல தண்ணி. அடுத்த வாரம் ஊட்டுக்கு வெள்ளையடிச்சாரு. எதுக்கு வெள்ளையடிக்கிறாரு? விக்கப் போறாருன்னு பேசிகினோம். அதுக்கு அடுத்த நாளு முடி வெட்டி, மீசைக்குக் கறுப்படிச்சினு வந்தாரு. மலையாளத்தானுங்க மின்னாடி சின்ன வயசா தெரியணும்ல? அவருகிட்டயே கேட்டுருக்கலாமேன்னு நீங்க கேப்பீங்க. எப்டி சார் கேக்குறது? கேட்டு, ஆமாண்டா போறேன்னு சொல்லிட்டாருன்னா? கேக்காத வரைக்கும் போகலைன்னுதானே அர்த்தம்.

கோயிலுக்குத் தேங்கா ஒடைச்சோம். டோமினிக்கு வேளாங்கண்ணிக்கு மொட்ட போடுறேன்னு வேண்டிகினான். கிரவுண்டுகிட்ட புது மொகம் எது வந்தாலும் கண்ணு வச்சுக்கணும்னு எல்லாருக்கும் சொல்லி வச்சோம். என் கடைதான் மொனையில கீது. மாஸ்டர் ஊடு எதுன்னு எவன் கேக்கணும்னாலும் என்னாண்டதான் கேக்கணும்.

கேட்டான் சார். கேட்டாரு. வந்தாரு ஒருத்தரு.

வெள்ள வேட்டி, வெள்ள சட்ட, நெத்தியில சந்தனம், கக்கத்துல கொடை. சைக்கிள தள்ளிகினு வராரு. அதுவும் இரவல் சைக்கிளு, பெரம்பூர் ஸ்டேசன்ல எறங்கி தெரிஞ்ச ஊட்ல வாங்கினேன்னாரு. எனக்குப் பாத்த ஒடனே பக்குன்னுச்சு. மலையாளத்தானேதான். தமிழ் நல்லாத்தான் பேசினாரு. அவங்க நம்மளவிட நல்லா பேசுவாங்க சார், டீக்கடைல பாத்ததில்லியா? டியூப்பக் கழட்டி தண்ணியில முக்கினு இருக்கேன். மெள்ள ஆரம்பிச்சாரு.

"இந்தத் தாமோதரன்னு புட்பால் சொல்லிக் குடுக்குறவரு, இங்கதான் இருக்காராமே. ஆளு எப்படி?"

வந்துட்டான்டான்னு நெனைச்சேன். டியூப்பத் தண்ணியிலயே அமுக்கிப் புடிச்சினேன். ஆனா மொகத்துல காட்டிக்கல. "எதுக்கு சாமி கேக்குறீங்க?"ன்னேன்.

"ஒரு நல்ல காரியமா விசாரிக்கிறோம். நீங்க எதுர்லயே இருக்கீங்க, உங்களுக்குத் தெரியாதது இருக்காது. இருக்கறத இருக்கறபடி சொல்லுங்க"ன்னாரு.

நல்ல காரியமாம்! எங்க வயித்துல அடிக்கிறது அவனுக்கு நல்ல காரியம். சரி மவனே, சொல்றேன்னு ஆரம்பிச்சேன் சார். "ஆளு இன்னா, கிரவுண்டுல பாத்தா சாமி மாரி இருப்பாரு. ஊட்டுக்குள்ள போனாத்தான் தெரியும்"னேன். தண்ணி போடுவாரான்னாரு. "போடாத நாளக் கேளுங்க"ன்னேன். தண்ணியத் தொட்டதே இல்ல சார் எங்க மாஸ்டரு, சோடாகூட குடிக்க மாட்டாரு! அவரு மொகம் சுருங்கிச்சு. எனக்குத் தெம்பு வந்துச்சு. "ஒடம்பு கிடம்பு எப்படி?"ன்னாரு. அங்கதான் சார் எனக்கு அம்மன் நாக்குல வந்து குந்திகினா. "வலிப்பு"ன்னேன்.

"வலிப்பா?"

"கிரவுண்டுலயே உழுந்து நுர தள்ளிச்சு சாமி. நான்தான் இந்தக் கடைச் சாவியக் கையில குடுத்தேன். அவங்க அப்பாருக்கும் இருந்துச்சாம். பரம்பரையா வர்றதாம்"னேன். எவன் சார் வலிப்பு வந்த ஆள கோச்சா வப்பான்? எப்டி என் மூள வேல செஞ்சுது பாருங்க. அவரு கொடைய இந்தக் கையிலேர்ந்து அந்தக் கைக்கு மாத்தினாரு. அப்பால, "பொண்ணு எப்படி?"ன்னாரு.

கிளப்புக்காரனுக்குப் பொண்ணப் பத்தி இன்னாத்துக்குன்னு கேக்குறீங்களா? ஏன் சார், குடும்பத்தோட இட்டுனு போவணும்ல, பொண்ணு வருமா வராதான்னு தெரியவாணாமா? நான் அப்டித்தான் நெனைச்சேன். யாரா இருந்தாலும் அப்டித்தான் நெனைப்பாங்க. "பொண்ணா? சரியான புடிவாதம் சாமி. யார் பேச்சும் கேக்காது. ஒரு தபா கோவத்துல சோத்துத் தட்ட வாசல்ல வீசிச்சு, எங்க கடை வரைக்கும் உருண்டுகினு வந்துச்சு. எந்த ஊருக்குக் கூப்ட்டாலும் அது வராது. வந்தாலும் நெலைக்காது"ன்னேன். அவரு என் கையப் புடிச்சு, "சத்தியமா?"ன்னு கேட்டாரு. சத்தியம்னேன். வேற இன்னா சொல்றது அந்த நேரத்துல? மாஸ்டர் ஊட்டுப் பக்கமே போகாம சைக்கிளத் திருப்பினாரு சார். திருப்பிகினு, "நல்ல வேளை, உங்களக் கேட்டேன். பெரிய புண்ணியம் பண்ணீங்க"ன்னு கும்பிட்டுப் போனாரு.

அன்னைக்கு டோமினிக்குக்கும் இன்னும் ரெண்டு பேருக்கும் பரோட்டா வாங்கிக் குடுத்தேன். வந்தவன இன்னா டபாய்ச்சேன்னு நடிச்சுக் காட்டினேன். சிரிச்சு சிரிச்சுப் பொறை ஏறிடுச்சு அவனுங்களுக்கு. அந்த வாரம் மேட்ச்சுல மூணு கோலு. மாஸ்டர் கை தட்டுறாரு, நானும் வெளில நின்னு தட்டுறேன். அந்த மனுசன நான் காப்பாத்தினேன்டான்னு ஒரு பெரும.

இது எந்த ஊரு? ஸ்ரீபெரும்புதூரா? இன்னும் எவ்ளோ தூரம் கீது. நல்லது.

அப்பாலதான் சார் பேஜாரு. ஒரு நாளு காலைல கடையத் தொறந்துட்டு நிக்கிறேன், கைத்தட்டு சத்தம் கேக்கல. பசங்க மட்டும் மொகத்த மொகம் பாத்துகினு நிக்கிறானுங்க. மறுநாளும் வரல. மத்தியானம் சோத்துக்குப் போறேன், கஸ்தூரி கண்ணெல்லாம் செவந்து குந்திகினு கீறா. இன்னாடின்னேன். "ஹேமாக்கு ஒரு எடம் கூடி வந்துச்சு. அமைஞ்சுது, தட்டு மாத்தறதுதான் பாக்கின்னு பொட்டியெல்லாம் வாங்கி வச்சு, ஊட்டுக்கு வெள்ளயெல்லாம் அடிச்சாங்க. நேத்து வாணாம்னு சொல்லி அனுப்பிட்டாங்களாம்"னா.

பொட்டி. வெள்ள.

"ஏன் வாணாம்னாங்க?"ன்னேன்.

"மாப்ளையோட பெரியப்பா ஆற்காட்டுலேர்ந்து வந்து அக்கம்பக்கத்துல விசாரிச்சாராம். எவனோ ஒரு பாவி, குடும்பத்துக்கே வலிப்பு, அப்பன் குடிகாரன், பொண்ணு அடங்காதவன்னு சொல்லிகீறான். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தப் பண்ணுவாங்க. இவன் ஒரே பொய்யில நிறுத்திட்டான். அவன் நாக்கு அழுவ. அவன் குடும்பம் வெளங்குமா? அவன் பொண்டாட்டி நல்லா இருப்பாளா?"ன்னு சொல்லிகினே எனக்குச் சோறு போடுறா சார். நான் கையப் பெசஞ்சிகினு குந்தியிருக்கேன்.

ஆனா பாருங்க சார், அது வேற ஆளா இருக்கும். என்னாண்ட வந்தவன் கிளப்பு ஆளு. கல்யாணத்துக்கு வந்தவரு வேற யாருகிட்டயோ கேட்டுருப்பாரு. எங்க ஏரியால பொறாமக்காரன் இல்லியா? வலிப்புன்னு நான் சொன்னது அங்க இங்க பரவி, எவனாவது அவருகிட்ட சொல்லிருப்பான். நானே பரோட்டாக் கடைல சத்தமாத்தான் சொன்னேன். இருக்கலாம்ல? நீங்க ஒண்ணும் சொல்ல மாட்றீங்க. சந்தனமா? ஆற்காட்டுக்காரன் சந்தனம் வைக்கிறதில்லியா, வைக்கிறான்தான். வைக்கிறாங்கதான். அதான் சார் மொகத்தைப் பாக்கணும்னு போறேன்.

முந்தா நாளு மாஸ்டரே கடைக்கு வந்தாரு. பந்து ஒண்ணத் தூக்கினு வந்தாரு, காத்து கம்மின்னு. காத்து கம்மியே இல்ல. ஸ்டூலப் போட்டேன், குந்தினாரு. தாடி வளந்து, மீசைல கறுப்பு போயி நரை தெரியுது. நான் பம்ப்ப அடிச்சினே இருக்கேன், அவரப் பாக்க பயமா கீது.

"ஏகாம்பரம், இந்த ஏரியால நான் யாருக்குடா கெடுதல் பண்ணேன்?"ன்னாரு.

"உங்களுக்கா மாஸ்டர்? உங்களப் போயி எவன்..."னு இழுத்தேன்.

"யாருன்னு தெரிய வாணாம்டா எனக்கு. தெரிஞ்சா அவன் மொகத்துல முழிக்கணும். கேரளாக்காரங்க முன்னாடியே கேட்டாங்க, நான் வாணாம்னுதான் சொல்ல இருந்தேன். மாப்ளைக்கு அம்பத்தூர்ல வேல, வில்லிவாக்கத்துல ஊடு பாத்து வச்சிருந்தாங்க. பொண்ணு கூப்புடற தூரத்துல இருக்கப் போவுது, நான் எதுக்குடா போவணும்? இப்ப ஹேமா சொல்லுது, இந்த ஊரே வாணாம்பா, பஸ் ஸ்டாண்டுல நாலு பேரு பாத்தாக்கூட இவனா இருப்பானோன்னு தோணுதுன்னு. வெள்ளிக்கெழம பதில் சொல்லணும் அவங்களுக்கு"ன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டாரு. பந்த மறந்து வச்சுட்டுப் போயிட்டாரு.

அந்தப் பொண்ணு கல்யாணம் நடந்திருந்தா அந்த மனுசன் இங்கயே இருந்திருப்பாரு சார்! எந்தக் கோயிலுக்குத் தேங்கா ஒடைச்சேனோ, அந்த சாமியே நேரா ஒரு மாப்ளையக் கொண்டாந்து நிறுத்திச்சு. நான், இல்ல, எவனோ ஒருத்தன்... அந்தப் பேச்ச உடுங்க. ராத்திரி பூரா பொரண்டேன். மாஸ்டர் போயிடுவாரு, போயிடுவாருன்னு காதுல ரயிலு ஓடுற மாரி கேக்குது. நேத்து காலைல கஸ்தூரிகிட்ட சொன்னேன், "நான் ஆற்காடு போறேன். அந்தப் பெரியப்பாவப் பாத்து, எங்க மாஸ்டர் அப்டிப்பட்டவரு இல்லைன்னு சொல்லிட்டு வரேன்"னு. அவ என்னயே பாத்துகினு நின்னா. கல்யாணம் ஆனதுலேர்ந்து என்ன அப்டி அவ பாத்ததில்ல சார். ஓடிப் போயி ஹேமாகிட்ட அட்ரஸ் வாங்கினு வந்தா. இந்தப் பைல பழம், வெத்தல பாக்கு எல்லாம் அவ வச்சதுதான்.

இன்னா பேசுறதுன்னுதான் சார் தெரியல. அவரு மொகம் வேறயா இருந்தா பிரச்சன இல்ல. சொல்லிட்டு வந்துடுவேன். அதே மொகமா இருந்தா? "நீ அன்னைக்கு சத்தியம் பண்ணியே"ன்னு கேப்பாரு. அன்னைக்குச் சொன்னது பொய்யின்னேன்னா அவரு என்னச் செருப்பால அடிக்கட்டும், வாங்கிக்கறேன். அதுக்கப்பால மாஸ்டருக்கு ஒரு போனு போடுவாரே? "உங்க கிரவுண்டுக்கு எதுர்க்க பஞ்சர் கடைக்காரந்தான்"னுவாரே? அப்ப நான் எங்க போறது? கல்யாணம் நடக்கும், மாஸ்டர் ஊர்ல இருப்பாரு, கை தட்டுவாரு. என் கடைக்கு எதுர்லயே தட்டுவாரு. என்னத் திரும்பிப் பாக்க மாட்டாரு. அதத் தாங்கிக்கலாமா சார்? தாங்கிக்கணும்தான். டீமு பொழைக்கும்ல. பொண்ணும் பொழைக்கும். சொல்லிடறேன். சொல்லித்தான் ஆவணும். நீங்க சொம்மா இருக்கீங்க, ஆனா அதத்தான் சொல்றீங்கன்னு எனக்குத் தெரியுது.

இருங்க, போனு. டோமினிக்கு. ஐயோ, இன்னைக்கு வெள்ளிக்கெழம. மாஸ்டர் சரின்னு சொல்லிட்டாருன்னு சொல்லப் போறான். எடுக்கவா? நீங்க வேணா எடுக்கறீங்களா? சரி சரி, நானே எடுக்கறேன்.

சொல்றா. ஆங், பஸ்ல. இன்னும் இல்லடா, காஞ்சிபுரம் தாண்டிட்டோம். இன்னாது? சத்தமா சொல்றா. இன்னாது? யாரு சொன்னது? மாஸ்டரே சொன்னாரா? டேய் வெளையாடாத. டேய், தாயார் மேல? டேய் டோமினிக்கு, அழாதடா, அழுதா எனக்கு ஒண்ணும் புரியல. மறுக்கா சொல்லு.

சார்! போகலையாம் சார்! மாஸ்டர் போகலையாம்! கேரளாக்காரனுக்கு இப்பதான் போன்ல வாணாம்னு சொன்னாராம், டோமினிக்கு பக்கத்துலயே நின்னினு இருந்தானாம். இன்னைக்குக் காலைல கிரவுண்டுக்கும் வந்துட்டாராம். சார், நான் உங்க கையப் புடிச்சிக்கலாமா? மன்னிச்சுக்கங்க, எனக்குக் கண்ணு கட்டுது.

ஏன் போகலையாம் தெரியுமா? கஸ்தூரி போயி ஹேமாகிட்ட சொல்லிகீறா, ஹேமா மாஸ்டர்கிட்ட சொல்லிச்சாம். நான் ஆற்காடு போறது. மாஸ்டர் மறுக்கா ஒரு தபா சொல்லச் சொல்லிக் கேட்டாராம். அப்பால, "ஒருத்தன் கெடுத்தான்னு இந்த ஊர உட்டுப் போறதா? எனக்காக ஒருத்தன் கடைய மூடிட்டு ஆற்காடு வரைக்கும் போறான்டா. அவன உட்டுட்டு எங்கடா போறது?"ன்னாராம். என்னச் சொல்லிகீறாரு சார். என்ன!

ஹேமாவும் சரின்னுடிச்சாம். ஏகாம்பரம் அண்ணன் போயி பேசிட்டு வரட்டும்பா, அப்பால பாக்கலாம்னு சொல்லிச்சாம்.

கண்டக்டர் அண்ணே! ஓச்சேரில நிக்குமா? ஒரு ஆள எறக்கி உட்டுடுங்க.

இல்ல சார், ஆற்காடு இப்ப எதுக்கு? நீங்களே யோசிங்க. மாஸ்டர் போவாரேன்னுதானே நான் போனேன். அவருதான் போகலையே. இப்பப் போயி நானா அங்க நின்னு, நான்தான் சொன்னேன்னு சொல்லி, அது மாஸ்டர் காதுக்குப் போயி, அவரு மனசு ஒடைஞ்சு மறுபடியும் பொட்டியத் தூக்கினாருன்னா? அந்தப் பாவம் யாரச் சேரும்? ஞாயித்துக்கெழம மேட்ச்ச வச்சினு? தும்ப உட்டு வாலப் புடிக்கிற கதையாயிடும். நான் போறதுதான் சார் இப்பத் தப்பு.

ஏன் அப்டி பாக்குறீங்க? ஹேமா பாவம்தான். பாவம் இல்லைன்னு எவன் சொன்னான்? வேற மாப்ள வர மாட்டானா? அது கொணத்துக்கு வரிசைல நிப்பானுங்க. எவன் விசாரிக்க வந்தாலும் என் கடைல வந்துதான சார் கேக்கணும். நான் சொல்றேன், தங்கமான குடும்பம்னு சொல்றேன். நம்ம ஊர்லயே வேல பாக்குற பையனா இருக்கணும், அதான். கோயம்புத்தூரு, பெங்களூருன்னு எவனாவது வந்தான்னா... அத அப்பால பாத்துக்கலாம்.

இந்தப் பழத்த நீங்க வச்சுக்கங்க சார். வெத்தல பாக்கும். அத திருப்பி எடுத்துனு போனா கஸ்தூரி கேப்பா. வாங்கிக்கங்க, வாணாம்னு சொல்லாதீங்க. சரி, சீட்டு மேல வச்சுட்டுப் போறேன்.

ஒண்ணுதான் சார் பயமா கீது. அந்தப் பொண்ணு வாசல்லயே நிக்கும். என்னாச்சு அண்ணான்னு கேக்கும். அது கண்ணப் பாத்து எனக்குப் பொய் வராது. வந்தே ஆவணும். ஊடு பூட்டியிருந்துச்சு, ஊருக்குப் போயிட்டாங்களாம், அந்தப் பையனுக்கு வேற எடத்துல முடிஞ்சுடுச்சாம்னு சொல்லிடவா? யாரு சொன்னாங்கன்னு கேட்டா, பக்கத்து ஊட்ல விசாரிச்சேன்னுடறேன்.

எறங்கறேன் அண்ணே, எறங்கறேன், இருங்க. சார், பக்கத்து ஊட்டுக்காரன் சொன்னான்னா யாரா இருந்தாலும் நம்பிடுவாங்கல்ல?